முந்நூற்றுப் பன்னிரண்டு வரி

நல்லூர், திருப்பூர்
2 பிப்ரவரி 2025, ஞாயிறு

அன்புத் தம்பி அருளுக்கு,

போனில் பேசுவதில்லை என்று நான் போட்ட சட்டம் இன்னும் அமலில்தான் இருக்கிறது. பொங்கலன்று நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு அதை முடித்து வைத்தாய். மூன்று முறை பொறுத்தேன், நான்காவது முறை போனை வைத்துவிட்டேன். மெயிலில் அந்தத் தொல்லை இல்லை. நான் முடிக்கும்வரை நீ வாயைத் திறக்க முடியாது.

விஷயம் இதுதான். அவிநாசி ரோட்டில் பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் ஒன்று இருக்கிறது. நடத்துகிறவர் பெயர் பிரபாகர். எங்கள் கம்பெனிக்கு வந்திருந்தபோது தைரியமாகப் போய்ப் பேசினேன். "நீங்களா எழுதுன புரோகிராம் ஒண்ணு கொண்டாங்க. எங்க ஹால் டிவில ரெண்டு வாரம் ஓடட்டும். இருவத்தொண்ணாந் தேதி வந்து வரி வரியா வெளக்குங்க. சரியா இருந்தா வேலைங்க" என்றார். பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷத்தோடு நின்றவள் என்று சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கட்டிங் செக்‌ஷனில் பதினொரு வருஷம் நின்றே வேலை பார்த்ததில் என் கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டு கிடக்கிறது. உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வேலை எனக்கு வேண்டும், அருள். காலுக்காக மட்டும் இல்லை.

நான் எழுதியிருப்பது கிரிப்டோ நாணயங்களின் விலையைக் காட்டும் பலகை. வீடியோவில் சொல்லிக் கொடுக்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். விலை நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், கேட்டால் விலை சொல்லும் இணையச் சேவைக்குக் காசும் கிடையாது. பன்னிரண்டு நாணயம், ஒவ்வொன்றுக்கும் இருபத்தாறு வரி, ஆக முந்நூற்றுப் பன்னிரண்டு வரி. கட்டிங்கில் சைஸுக்கு ஒரு பேட்டர்ன் அட்டை வைப்போம் அல்லவா, அந்த மாதிரி. ஒரு நாணயத்துக்கு எழுதியதை அப்படியே பிரதி எடுத்து, நான்கு இடத்தில் பெயரை மட்டும் மாற்றுவேன்.

நான் ஒரு நாணயமும் வாங்கவில்லை. உன் மச்சான்தான் நம்ப மாட்டேன் என்கிறார். சரக்கு ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து திரையையே பார்க்கிறார். "ஏம்புள்ள, அந்த நாய்ப் படம் போட்ட காசுல எத்தன போட்டிருக்கறே?" என்று நேற்றும் கேட்டார்.

என் புரோகிராம் கோடு இருக்கும் இணையப் பக்கத்தில் உன்னையும் உள்ளே சேர்த்திருக்கிறேன். தப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல். பார்த்துச் சொன்னால் போதும்.

அக்கா
கீதாஞ்சலி

ஸ்டுட்கார்ட்
4 பிப்ரவரி

அக்காவுக்கு,

பார்த்தேன், சிரித்தேன், மன்னித்துவிடுங்கள். உங்கள் புரோகிராமைக் கீழே உருட்ட உருட்ட அதே இருபத்தாறு வரி திரும்பத் திரும்ப வருகிறது. எங்கள் ஆபீஸில் இப்படி எழுதினால் காபிக்குக்கூடச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

நானே சரி செய்துவிட்டேன். பன்னிரண்டு பெயரையும் ஒரு பட்டியலாகப் போட்டு, பன்னிரண்டு விலையையும் ஒரே தடவையில் கேட்டு வாங்கி, ஒரு லூப்பில் சுற்றினால் முடிந்தது. இருபத்து நாலு வரி! நாளைக்குப் புது நாணயம் சேர்க்க வேண்டுமென்றால் பட்டியலின் கடைசியில் ஒரு பெயர் சேர்த்தால் போதும். உங்கள் பழையதை எடுத்துவிட்டு இதைப் போட்டிருக்கிறேன். ஓட்டிப் பார்த்தேன், விலை எல்லாம் பைசா சுத்தமாகச் சரி.

நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள், வேலை உங்களுக்குத்தான். மச்சானிடம் நாயை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.

அருள்

நல்லூர்
9 பிப்ரவரி, ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

இருபத்து நாலு வரியையும் நாலு தடவை படித்தேன். அழகாக இருக்கிறது. இதை ஏன் நாம் யோசிக்கவில்லை என்று முதலில் என்மேலேயே கோபம் வந்தது. பிறகு உன்மேல் வந்தது. பார்த்துச் சொல் என்றுதானே எழுதினேன்? நான் இரண்டு மாதம் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து எழுதியதை நீ ஒரு காபி குடிக்கிற நேரத்தில் எடுத்துவிட்டாய். என் பழையதை ஒரு பென்டிரைவில் வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியாது, வைத்திருக்கிறேன்.

ஆனாலும் நன்றாக இருப்பதை நன்றாக இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. வியாழக்கிழமை பிரபாகர் ஆபீஸ் டிவியில் உன் இருபத்து நாலு வரியைத்தான் போட்டேன். நம் பக்கத்தில் எதை மாற்றினாலும் டிவியிலும் மாறிவிடும்.

இப்போது ஒரு குழப்பம். நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் போனில் பலகையைத் திறந்தால், நாய் நாணயம் மூன்று மடங்கு ஏறியிருந்தது. சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன். ஒன்றுமே வாங்காதவள்தான், ஆனாலும் மூடி வைத்தேன். செய்தியில் தேடினேன், நாயைப் பற்றி ஒன்றும் இல்லை. நாற்பது நிமிஷம் கழித்துப் பார்த்தால் பழைய விலைக்கே வந்துவிட்டது. நிஜமாகவே ஏறி இறங்கியதா, நம் பலகை பொய் சொன்னதா?

அக்கா

ஸ்டுட்கார்ட்
10 பிப்ரவரி

அக்காவுக்கு,

ஒன்றும் இல்லை. உங்கள் போன் பழைய விலையைப் பிடித்து வைத்திருக்கும். இல்லையென்றால் நெட் விட்டு விட்டு வந்திருக்கும். கேச்சைத் துடைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். கிரிப்டோ விலை பேய் மாதிரி ஆடும், அதற்கெல்லாம் சாப்பாட்டை மூடி வைத்தால் எப்படி? கோடு சரியாக இருக்கிறது, நான்தானே எழுதினேன்.

அருள்

நல்லூர்
13 பிப்ரவரி

தம்பிக்கு,

கேச்சைத் துடைத்தேன். போனை அணைத்துப் போட்டேன். உன் மச்சானுடைய போனிலும் பார்த்தேன். மறுபடியும் வந்தது. செவ்வாய் காலை பத்தே காலிலிருந்து பதினொன்று வரை, நேற்று மதியம் ஒரு அரை மணி நேரம். அப்புறம் தானாகச் சரியாகிவிடுகிறது.

ஒன்று கவனித்தேன். நாய் ஏறும்போதெல்லாம் அதற்கு அடுத்த வரியில் இருக்கும் நாணயம் விழுகிறது. ஒன்று ஏறுகிற அளவுக்கு இன்னொன்று இறங்குகிறது என்று நினைத்து ஒரு மணி நேரம் அதற்குக் காரணம் தேடினேன். நாய்க்கும் அதற்கும் என்ன பகை என்று யோசித்துப் பைத்தியம் பிடிக்காத குறை. மற்ற பத்தும் அசையவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். என் பழைய கோடாக இருந்திருந்தால் எங்கே தப்பு என்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பேன். இருபத்தாறு வரியில் எந்த வரி என்ன செய்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உன்னுடையதைப் படிக்கும்போது புரிகிற மாதிரி இருக்கிறது, மூடி வைத்தால் புரியாமல் போகிறது. தப்பு உன் கோடிலா, என் தலையிலா என்றே தெரியவில்லை.

அக்கா

ஸ்டுட்கார்ட்
14 பிப்ரவரி

அக்காவுக்கு,

இன்று நாற்பது தடவை ஓட்டினேன். நாற்பதும் சரி. நீங்கள் ஏதாவது தொட்டீர்களா? ஒரு கமா, ஒரு இடைவெளி? கோபப்படாதீர்கள், கேட்கத்தான் வேண்டும். சில சமயம் கை பட்டு ஏதாவது மாறியிருக்கும்.

இல்லையென்றால் அந்த இணையச் சேவைதான் தப்பான விலை அனுப்புகிறது. அதற்கு நாம் என்ன செய்ய முடியும்? விட்டுத் தள்ளுங்கள். அரை மணி நேரத்தில் சரியாகிறது என்றால் அந்த அரை மணி நேரத்தில் பிரபாகர் டிவியைப் பார்க்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கும் புரியவில்லை என்பதை இந்தக் கடைசி வரியில் ஒத்துக்கொள்கிறேன்.

அருள்

நல்லூர்
18 பிப்ரவரி

தம்பிக்கு,

இன்று மானம் போய்விட்டது.

ஷிஃப்ட் முடிந்து பிரபாகர் ஆபீஸுக்குப் போனேன். எட்டுப் பேர் டிவிக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "புதுசா ஒரு நாணயம் சேக்கணும்னா எத்தன நேரமாகுமுங்க?" என்று கேட்டார். நான் நீ எழுதியதை நினைத்துக்கொண்டு, "ஒரே ஒரு பேரு சேத்தாப் போதுமுங்க, அர நிமிஷம்" என்று பீற்றிக்கொண்டேன். அவர் ஒரு பெரிய நாணயத்தின் பெயரைச் சொன்னார். பட்டியலின் கடைசியில் சேர்த்தேன்.

அருள், பலகையே புரண்டுவிட்டது. முதல் இரண்டு நாணயமும் சரியாக இருந்தன. மூன்றாவதிலிருந்து கடைசிவரை ஒன்றின் விலை இன்னொன்றில் நிற்கிறது. புதிதாகச் சேர்த்த அந்தப் பெரிய நாணயத்துக்குச் சில்லறை விலை. டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் சிரித்தேவிட்டாள். "ஏனுங்க இப்பிடி வருது?" என்று பிரபாகர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன், நெட்டு, கேச்சு என்று. நீ எனக்குச் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"வெள்ளிக்கெழம காலைல பதினோரு மணிக்கு வாங்க. சரி பண்ணீட்டு வரோணும்னுகூட இல்லீங்க. ஏன்னு தெரிஞ்சுட்டு வாங்க" என்றார்.

பஸ்ஸில் அழுதேன். உன்னிடம் சொல்வதில் வெட்கம் இல்லை. என் கோடு நீளமாக இருந்தாலும் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. இன்றைக்கு மூன்று நாள்தான் இருக்கிறது, எங்கே ஆரம்பிப்பது என்றுகூடத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

அக்கா

நல்லூர்
20 பிப்ரவரி

தம்பிக்கு,

நீ இன்னும் பதில் போடவில்லை. பரவாயில்லை, எனக்கே தெரிந்துவிட்டது!

எங்கள் செக்‌ஷனில் இசக்கிமுத்து என்று ஒருவர் போன மாதம் சேர்ந்திருக்கிறார். நாற்பது வயதிருக்கும், தென்காசிப் பக்கம். வெட்டிய துணிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. உனக்கு மறந்திருக்கும், சொல்கிறேன். துணியை நூறு அடுக்கு விரித்து ஒரே வெட்டாக வெட்டுவோம். ஒவ்வொரு அடுக்கின் சாயமும் கண்ணுக்குத் தெரியாத அளவு மாறியிருக்கும். அதனால் முதல் அடுக்கின் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றுக்கும் ஒன்று என்று நம்பர் ஒட்டுவோம், இரண்டாவதற்கு இரண்டு. ஒரே நம்பரைத்தான் சேர்த்துத் தைப்பார்கள்.

இன்று காலையில் ஐம்பது சட்டை உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறமாகத் திரும்பி வந்தது. பார்த்தால் அந்தத் துணிக்கட்டு ஒன்றிலும் ஸ்டிக்கரே இல்லை. ஏன் என்று கேட்டேன். "அடுக்கு மாறாமத்தானே வச்சிருக்கேன் மேடம். வரிசை இருக்குல்லா, பெறவு எதுக்கு ஒவ்வொண்ணுக்கும் ஸ்டிக்கரு?" என்றார். நடுவில் ஒரே ஒரு கை கீழே விழுந்திருக்கிறது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் ஒரு இடம் மேலே ஏறிவிட்டது.

நான் அவரைத் திட்ட வாயைத் திறந்தேன், திறந்தபடி அப்படியே நின்றுவிட்டேன். நீ செய்ததும் இதுதானே!

என் கோடு ஒவ்வொரு நாணயமாகப் பெயர் சொல்லி விலை கேட்கும். வந்த விலையில் அந்தப் பெயரை ஒட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். நீ பன்னிரண்டையும் மொத்தமாகக் கேட்டாய். வந்த விலைகளை வரிசையாக என் பெயர்ப் பட்டியலின் பக்கத்தில் வைத்தாய். ஆனால் அந்தச் சேவை நாம் கேட்ட வரிசையில் அனுப்புவதில்லை. ஒரு நாணயம் உலகத்தில் எத்தனை இருக்கிறதோ அத்தனையின் மொத்த மதிப்பைப் பார்த்து, பெரியது முதலில், சின்னது கடைசியில். நான் பட்டியலை எழுதியபோது அவர்களுடைய பட்டியலைப் பார்த்தே எழுதியதால் இரண்டும் தற்செயலாக ஒத்துப்போயின. நாயும் அதன் பக்கத்து நாணயமும் மதிப்பில் முந்திப் பிந்தும்போதெல்லாம் விலை இடம் மாறியது. பெரிய நாணயத்தை நான் கடைசியில் சேர்த்தேன், அதன் விலை மூன்றாவதாக வந்தது, எல்லாம் புரண்டது.

இத்தனைக்கும் வருகிற பதிலில் ஒவ்வொரு விலையோடும் பெயரும் சேர்ந்தே வருகிறது. அதை நீ படிக்கவே இல்லை.

உன் லூப்பை விடப் போவதில்லை. அது நல்ல யோசனை. பெயரைப் பார்த்து விலையை எடுக்கிற மாதிரி நானே எழுதிவிட்டேன், முப்பத்தொரு வரி. கொஞ்சம் நீளம்தான், எல்லாம் எனக்குத் தெரிந்த வரி. உள்ளே போட்டாயிற்று. நாளை பதினோரு மணிக்குப் போகிறேன். தயவுசெய்து எதையும் தொடாதே.

அக்கா

ஸ்டுட்கார்ட்
21 பிப்ரவரி, காலை

அக்காவுக்கு,

அவசரமாக இரண்டு வரி. மூன்று நாளாக வேறு ஊரில் வேலை, உங்கள் 18ஆம் தேதிக் கடிதத்தை இப்போதுதான் பார்த்தேன், அதற்கு அடுத்ததை இன்னும் திறக்கவில்லை. பார்த்ததும் பிடிபட்டுவிட்டது, வரிசைதான் பிரச்சினை. அதிகாலையிலேயே உட்கார்ந்து, அங்கே இருந்ததை எடுத்துவிட்டுத் திருத்தியதை உள்ளே போட்டுவிட்டேன். இந்தத் தடவை பதினாறே வரி! புது நாணயம் சேர்த்துப் பார்த்தேன், கல் மாதிரி நிற்கிறது. தைரியமாகப் போய் வாருங்கள்.

அருள்

நல்லூர்
22 பிப்ரவரி

அருளுக்கு,

நீ மெயிலிலும் என் வாக்கியத்தை முடித்து வைத்துவிட்டாய்.

நேற்று பதினோரு மணிக்குப் பிரபாகர் டிவியில் கோடைத் திறந்தார். நான் முப்பத்தொரு வரியை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே நிமிர்ந்தால் பதினாறு வரி இருக்கிறது. ஒன்றும் என்னுடையது இல்லை. "இந்த மூணாவது வரி என்ன பண்ணுதுங்க?" என்றார். அதில் நான்கு காரியத்தை ஒரே வரியில் மடித்து வைத்திருந்தாய். இரண்டு தடவை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

"இது என்னுது இல்லீங்க. காலைல எந் தம்பி மாத்தியிருக்கறான்" என்றேன்.

"அப்ப உங்களுது எங்கீங்க?"

நீ மாற்றுவதற்கு முந்தைய பதிவைத் தேடி எடுத்திருக்கலாம். அப்போது அது தோன்றவில்லை. "ஒரு பேப்பர் குடுங்க, எழுதறேன்" என்றேன். பில் தாளின் பின்பக்கம் ஒன்று கொடுத்தார். நாற்காலியைக் காட்டினார், நான் உட்காரவில்லை. பழக்கம். மேஜைமேல் குனிந்து நின்றபடியே முப்பத்தொரு வரியையும் பேனாவால் எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் அது எதற்கு என்று சொல்லிக்கொண்டே எழுதினேன். செவ்வாய்க்கிழமை சிரித்த அந்தப் பெண் அதைக் கம்ப்யூட்டரில் அடித்தாள். ஒரு அடைப்புக்குறியை விட்டிருந்தேன், அவளே போட்டுவிட்டாள். ஓடியது.

ஏன் புரண்டது என்று கேட்டார். துணி, அடுக்கு, ஸ்டிக்கர் எல்லாம் சொன்னேன். பிரபாகர் அந்தப் பெண்ணிடம், "சித்ரகலா, கட்டிங் சாஃப்ட்வேர்ல நாம பீஸ் நம்பர எப்பிடி எடுக்கறோம்னு போய்ப் பாரு. வரிசைய வெச்சு எடுத்திருந்தா இன்னிக்கே மாத்திரு" என்றார். அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்து, "மார்ச் மூணு, திங்கக்கெழம வந்துருங்க" என்றார்.

வேலை கிடைத்துவிட்டது. உன் மச்சானுக்குச் சொல்வதற்கு முன்னால் உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். கோபத்தில் ஒரு நாள் தள்ளிப்போய்விட்டது.

உன் பெயரை அந்தக் கோடிலிருந்து எடுத்துவிட்டேன். இனி நீ உள்ளே வர முடியாது. நீ கெட்டிக்காரன், அருள். உன் பதினாறு வரியும் சரிதான் என்று சித்ரகலா சொன்னாள். ஆனால் நீ ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை. அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. உனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது, அடுத்த திங்கட்கிழமை நான் கம்பெனி வேனில் ஏறினேன். அப்பா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை. உனக்கு அப்போது பதினெட்டு வயசு, அதனால் உன்னை நான் குற்றம் சொன்னதே இல்லை. இப்போது உனக்கு இருபத்தொன்பது.

அக்கா

ஸ்டுட்கார்ட்
24 பிப்ரவரி

அக்காவுக்கு,

இரண்டு நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன். முதலில் எழுதியது நான் ஏன் செய்தேன் என்று விளக்கம். அதை அழித்தேன். அப்புறம் எழுதியது பாராட்டு. அதுவும் என்னவோ நான் கொடுத்த வேலை மாதிரி இருந்தது, அழித்தேன்.

உண்மையை எழுதுகிறேன். பதினெட்டு வயதில் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தெரியும், அக்கா. நீங்கள் கல்லூரிக்குப் போகாமல் ஐந்து நாள் வீட்டில் இருந்தீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். கேட்க வேண்டும் என்று ஐந்து நாளும் நினைத்தேன். கேட்டால், படிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள், அப்புறம் நான் எப்படிப் போவது என்ற பயத்தில் கேட்கவில்லை. அப்போதிருந்து நான் உங்களுக்கு ஏதாவது சரி செய்துகொண்டே இருக்கிறேன். போன், பேங்க் கணக்கு, இப்போது கோடு. கேட்பதைவிட அது சுலபமாக இருக்கிறது.

பதினொரு வருஷம் கழித்துக் கேட்கிறேன். அன்றைக்குக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அருள்

நல்லூர்
25 பிப்ரவரி

தம்பிக்கு,

படிக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அழாதே. மூன்றாம் தேதி எனக்கு ஒன்பதரைக்கு வேலை. காலையில் எட்டு மணிக்குப் போன் செய். அங்கே அப்போது விடிந்திருக்காது என்று தெரியும், எழுந்திரு.

அக்கா